யார் கூப்பிடுகிறார்கள் என்று போனே சொல்லட்டும்: கேள்வி பதில்

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் போன் அடித்தால் எடுத்து மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்ப்பார், அதற்குள் கட்டாகிவிடும். அப்போதுதான் அழைப்பவர் பெயரைப் போனே உரக்கச் சொல்லும்படி அமைத்துக் கொடுத்தேன். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன் என்றாலும், அதுவரை இந்த வசதியை நானே பெரிதாக மதித்ததில்லை. இதைப் பற்றிச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில்.

சேலம் வாசகி: அண்ணா, இந்த வசதி எந்த இடத்தில் இருக்கிறது? செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன்.

போனின் பொது செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காதும்மா. அழைப்பு வரும் அந்த 'போன்' செயலிக்குள்தான் இருக்கிறது. பிக்ஸல், மோட்டோ போன்றவற்றில் கூகுளின் போன் செயலி இருக்கும். அதைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியையோ மூன்று கோட்டையோ தொட்டு செட்டிங்ஸ் போனால், 'காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். அதில் மூன்று தேர்வு: எப்போதும், ஹெட்செட் போட்டிருக்கும்போது மட்டும், வேண்டாம். சாம்சங்கில் போன் செயலியின் செட்டிங்ஸில் 'ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்' என்ற பகுதிக்குள் 'ரீட் காலர் நேம்ஸ் அலவுட்' என்று தேடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், போன், 'அனவுன்ஸ் கால்ஸ்'. ஐஓஎஸ் 18 வந்த பிறகு 'ஆப்ஸ்' என்பதைத் திறந்து அதற்குள் 'போன்' போகவேண்டும், அதனால்தான் பலரும் காணோம் என்கிறார்கள்.

உங்கள் போனில் கம்பெனியின் சொந்த டயலர், அதாவது அழைப்புக்கான 'போன்' செயலி, இருந்து அதில் இந்த வசதி இல்லையென்றால், ப்ளே ஸ்டோரில் கூகுளின் போன் செயலியை இறக்கி அதையே டீஃபால்ட்டாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் வேலை செய்கிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, எல்லாம் ஆன் செய்துவிட்டேன். ஆங்கிலத்தில் சேமித்த பெயர்களைச் சொல்கிறது. தமிழில் சேமித்த பெயர் வந்தால் ஊமையாகிவிடுகிறது. போன் பழுதா?

பழுது இல்லை சார். பெயரைப் படிப்பது டயலர் இல்லை. டயலர் பெயரை எடுத்துக் கொடுக்கும், எழுத்தைப் பேச்சாக்கும் இன்னொரு நிரல் அதை வாசிக்கும். அந்த வாசிப்பவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்திருந்தால், தமிழ் எழுத்து அவருக்கு வெறும் கோலம்தான். தாண்டிப் போய்விடுவார்.

செய்யவேண்டியது இது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். சாம்சங்கில் அது 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' பகுதியில் இருக்கும், மற்ற பலவற்றில் 'ஆக்ஸஸிபிலிட்டி'யில். அங்கே 'ப்ரிஃபர்டு என்ஜின்' என்பதில் கூகுளைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா' போய், தமிழ் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். வைஃபை உள்ள இடத்தில் செய்தால் நல்லது. பிறகு மொழியைத் தமிழ் ஆக்கி, கீழே உள்ள 'ப்ளே' பொத்தானை அழுத்தினால் ஒரு தமிழ் வாக்கியம் கேட்கும். கேட்டால் பாதி வேலை முடிந்தது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்லிச் சோதியுங்கள்.

அதே பக்கத்தில் பேச்சு வேகத்தைக் குறைக்கும் பட்டையும் இருக்கிறது. காது மந்தமானவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பதுதான் கைகொடுக்கிறது. இதை அம்மாவிடம் கண்டுகொண்டேன்.

கோவை, ஐடி ஊழியர்: தமிழ்க் குரலும் போட்டாயிற்று. ஆனால் பெயர்களைக் கொலை செய்கிறது. என் மாமா பெயர் அழகப்பன், அது 'அஸகப்பன்' என்கிறது!

மாமாவை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள்? ஆங்கில எழுத்தில்தானே? நாம் 'ழ'வுக்கு இசட், ஹெச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம். அது நமக்குள் உள்ள ஒப்பந்தம், குரலுக்கு அது தெரியாது. பழனி, குழலி, கனிமொழி எல்லாம் இப்படித்தான் மாட்டும். 'அத்தை' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டால் 'அதை' என்றும் படிக்கலாம். வள்ளியா வல்லியா என்று தெரிய வழியே இல்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஆன் செய்ய ஒரு நிமிடம், தொடர்புப் பட்டியலைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது. அடிக்கடி கூப்பிடும் இருபது பேரை எடுத்துத் தமிழ் எழுத்தில் மாற்றுங்கள். மீதியை விட்டுவிடலாம்.

மாற்றும்போது சில நுணுக்கம். இனிஷியலை எடுத்துவிடுங்கள், 'கே புள்ளி' என்று ஆரம்பித்துப் பெயர் வருவதற்குள் எதிர்முனையில் பொறுமை போய்விடும். பூ, இதயம் மாதிரி படங்கள் வேண்டாம், சில குரல்கள் அவற்றையும் வார்த்தையாக்கிப் படிக்கும். அடையாளம் முதலில் வரட்டும்: 'முருகன் எலக்ட்ரீஷியன் தெப்பக்குளம்' என்பதைவிட 'எலக்ட்ரீஷியன் முருகன்' போதும். ஒருவருக்கே இரண்டு எண் இருந்தால் நடுவில் காற்புள்ளி போடுங்கள், 'அக்கா, வீடு' என்று. குரல் அங்கே சற்று நிறுத்திப் படிக்கும், கேட்கச் சுகமாக இருக்கும்.

ஐபோன்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தொடர்பை எடிட் செய்து, 'ஆட் ஃபீல்டு' தொட்டு, 'ப்ரொனன்சியேஷன்' என்ற கட்டத்தைச் சேர்த்தால், எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம்.

மதுரை மருமகள்: அண்ணா, ஒரு சங்கடம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தி நடுவே, என் கணவர் போன் 'சீட்டுப் பணம் ஏமாத்துனவன்' என்று கத்திவிட்டது. அந்த ஆளின் தம்பி எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார்.

சிரிக்காமல் பதில் எழுத முயல்கிறேன். நாம் பெயர்களை நம் கண்ணுக்கு மட்டும் என்று நினைத்துச் சேமிக்கிறோம். 'எடுக்காதே', 'தொல்லை', 'வட்டி பார்ட்டி', 'மேனேஜர் சிடுமூஞ்சி'. போன் வாய் திறந்த அன்று எல்லாம் சபைக்கு வந்துவிடும். அம்மா போனை அமைத்தபோது நானே பார்த்தேன், என் அத்தை பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி இருந்தது. எழுத மாட்டேன்.

வழி ரொம்ப எளிது. 'எப்போதும்' என்பதை மாற்றி 'ஹெட்செட் போட்டிருக்கும்போது மட்டும்' என்று வையுங்கள். காதில் மாட்டியிருந்தால் காதுக்குள் மட்டும் சொல்லும். கண் பார்வைக் குறை இல்லாதவர்களுக்கு இதுவே சரியான தேர்வு என்பது என் கருத்து. போனை சைலன்ட்டில் போட்டால் அதனிடம் பேச்சை எதிர்பார்க்க வேண்டாம், ஆக மண்டபத்தில் நுழையும்போது சைலன்ட் போடும் பழக்கமும் காப்பாற்றும். அந்தப் பெயரையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம், பேத்தி: அம்மம்மாவுக்குப் பார்வை நல்லாக் குறைஞ்சிட்டுது. பிள்ளைகள் எல்லாரும் கனடாவிலை. கோல் எடுக்கிறது வாட்ஸ்அப், வைபரிலைதான். போன் அந்தக் கோல்களுக்குப் பேர் சொல்லுதில்லை. ஆண்ட்ராய்டு போன்.

இது முக்கியமான கேள்வி. டயலருக்குள் உள்ள அறிவிப்பு சிம் வழியாக வரும் அழைப்புக்குத்தான். வாட்ஸ்அப்பும் வைபரும் தனி வாசல், டயலர் அங்கே எட்டிப் பார்க்காது. ஐபோனில் நிலைமை வேறு, அங்கே 'சிரி' என்ற குரல் உதவியாளர் வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்பையும் அறிவிக்கும். அம்மம்மாவுக்காக ஐபோன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

'டாக்பேக்' என்ற திரைவாசிப்பானை ஆன் செய்தால் திரையில் வருவதையெல்லாம் படிக்கும். ஆனால் தொடும் முறையே மாறிவிடும், எதைத் திறக்கவும் இரண்டு முறை தட்டவேண்டும். பழகாத வயதானவருக்கு அது பெரிய பாடு.

அதனால் நான் செய்து கொடுக்கும் வழியைச் சொல்கிறேன். கனடாவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தங்கள் குரலிலேயே ஒரு வரி பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்: 'அம்மா, நான் மூத்தவன் எடுக்கிறன்.' மின்விசிறி, டிவி எல்லாம் நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அதையே இடைவெளி விட்டு மூன்று முறை சொல்லவேண்டும். பத்து விநாடி போதும். அந்தக் கோப்பை அம்மம்மாவின் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளையின் பெயரைத் திறந்து, 'கஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அழைப்புக்கான ரிங்டோனாக அதை வையுங்கள். போனின் தொடர்புகளிலும் 'செட் ரிங்டோன்' என்று இதே வசதி இருக்கிறது, சாதாரண அழைப்புக்கும் அதையே வைக்கலாம்.

இதில் உச்சரிப்புப் பிரச்சினை கிடையாது, பெயர் சொல்வதற்கென்று இணையம் தேவையில்லை, எந்த இயந்திரக் குரலும் இதற்கு ஈடில்லை. வைபர் அழைப்பை வாட்ஸ்அப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள், ஒரே வாசலாக இருந்தால் அம்மம்மாவுக்குக் குழப்பம் குறையும்.

ஈரோடு: ப்ளே ஸ்டோரில் பெயர் சொல்லும் ஆப் நிறைய இருக்கிறதே, அதில் ஒன்றைப் போட்டால் ஆகாதா?

ஆகும், கடைசி வழியாக. ஆண்ட்ராய்டு 9 முதல், அழைக்கும் எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு செயலிக்கு அழைப்புப் பதிவை, அதாவது யார் எப்போது அழைத்தார் என்ற 'கால் லாக்' பட்டியலை, படிக்கும் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதியை யார் கேட்கலாம் என்பதை 2018 அக்டோபரில் கூகுள் இறுக்கியது. அதற்குப் பிறகு பழைய செயலிகள் பல முடங்கின. எஞ்சியவை உங்கள் தொடர்புகள், அழைப்புப் பதிவு இரண்டையும் கேட்கும். முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் சோதித்த ஒன்று, அழைப்பு முடிந்ததும் முழுத் திரைக்கு விளம்பரம் போட்டது. அப்புறம் பேட்டரி சேமிப்பு அதைப் பின்னணியில் கொன்றுவிடும், 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுத்தால்தான் உயிரோடு இருக்கும். போனிலேயே வசதி இருக்கும்போது எதற்கு?

ஆட்டோ ஓட்டுநர், சென்னை: இரண்டு சிம் வைத்திருக்கிறேன். எந்த சிம்முக்கு வருகிறது என்று சொல்லுமா?

நான் பார்த்தவரை பெயர் மட்டும்தான் சொல்லும். இரண்டு சிம்முக்கும் வேறு வேறு ரிங்டோன் வைத்துவிடுங்கள் அண்ணே. ஒன்று மணி, ஒன்று நாதஸ்வரம்.

அதே நண்பர்: பெயர் கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே எடுக்கலாமா?

பெயர் கேட்பது எதற்கென்றால், எடுக்காமல் இருக்கத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் பிடித்துப் போனைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் வருகிறது. முதலாளியா மச்சானா என்று காது சொல்லிவிட்டால், ஓரம் கட்டுவதா, இறங்கிய பிறகு பேசுவதா என்று முடிவு செய்ய ஒரு நொடி போதும்.

தஞ்சாவூர்: மாமியார் கீபேட் போனை விட மாட்டேன் என்கிறார். அதில் முடியுமா?

முடியும். பெயரைப் பேசிச் சொல்லும் கீபேட் போன்கள் விற்கின்றன, ஐடெல் இதை 'கிங் வாய்ஸ்' என்ற பெயரில் தருகிறது. வாங்கும் முன் கடையிலேயே ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்து, உங்கள் போனிலிருந்து அடித்துக் காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

நாகர்கோவில், தனியாக வசிக்கும் பெரியவர்: சேமிக்காத எண் வந்தால் என்ன சொல்லும்? மோசடிக்காரனைக் காட்டிக் கொடுக்குமா?

பெயர் கிடைத்தால் பெயர், இல்லையென்றால் எண், ஐயா. பெயர் சொன்னதாலேயே நம்பிவிடக் கூடாது. உங்கள் பட்டியலில் நீங்களே சேமிக்காத பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணைப் படிக்கும்போது முதல் சில இலக்கத்தைக் கவனியுங்கள். 140 என்று ஆரம்பித்தால் விளம்பரம், எடுக்கத் தேவையில்லை. வங்கி முதலிய நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'பேங்க்கிலிருந்து பேசுகிறோம்' என்றால் வைத்துவிடுங்கள். விளம்பரத் தொல்லையைக் குறைக்க 1909க்கு அழைத்துப் பதிந்துகொள்ளலாம்.

சேலம் வாசகி, மறுபடியும்: உங்கள் அம்மாவுக்குக் கண் சரியாகிவிட்டதா? இப்போது அதை ஆஃப் செய்துவிட்டீர்களா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்கிறார். ஆஃப் செய்யலாமா என்று கேட்டேன், விடவில்லை. கை மாவில் இருக்கும்போது போன் அடித்தால் அடுப்படியிலிருந்தே பெயரைக் கேட்டுக்கொள்கிறார். பேரன் பெயர் என்றால் கையைக் கழுவாமலே ஓடுகிறார். அத்தை பெயர் வந்தால் கிரைண்டர் நின்ற பிறகுதான்.