கருவளையமா, நிழலா, வீக்கமா? தோல் டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண்ணைச் சுற்றித்தான். "எந்த க்ரீம் நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. முதல் கேள்விக்கான பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

எனக்கு 34 வயது. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இப்படித்தான். நன்றாகத் தூங்குகிறேன், ஆனாலும் ஆபீஸில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். 900 ரூபாய் கொடுத்து ஐ க்ரீம் வாங்கிப் போட்டும் பலனில்லை. என்னதான் செய்வது டாக்டர்?
- வாசகி, கோயம்புத்தூர்

க்ரீமைத் திட்டுவதற்கு முன் ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாகப் போய் நில்லுங்கள். கீழ் இமையை ஒரு விரலால் கன்னத்துப் பக்கமாக மெதுவாக இழுங்கள். இழுத்தபோதும் அந்த இடம் பழுப்பாகவே இருந்தால், அது தோலில் படிந்த நிறமி. இழுத்ததும் நீலமோ ஊதாவோ தூக்கலாகத் தெரிந்தால், அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன என்று அர்த்தம். இமைத் தோலின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. அடுத்து, தலையை நிமிர்த்தி விட்டத்து விளக்கைப் பார்த்தபடி கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கருப்பு காணாமல் போய்விட்டதா? அப்படியானால் அது வெறும் நிழல். கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தில் இறங்கும் பள்ளத்தில் விழுகிற நிழல். பலருக்கு இந்த மூன்றில் இரண்டு கலந்திருக்கும்.

இதே சோதனையைத்தான் என் கிளினிக்கிலும் செய்கிறேன். கூடுதலாக ஒரு சின்ன டார்ச் இருக்கும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் க்ரீம் வாங்குவதால்தான் பணம் போகிறது. ரத்தக் குழாய்க்கான க்ரீமை நிறமிக்குப் போட்டால் பாவம், க்ரீம் என்ன செய்யும்? நிழலுக்கு எந்தக் க்ரீமும் உதவாது. பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி உண்டு. ஆனால் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையே பறிபோன நிகழ்வுகள் உலகில் பதிவாகியிருக்கின்றன. அழகு நிலையத்தில் தள்ளுபடி விலையில் போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல அது.

குடும்பத்தில் இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்கிறீர்கள். உங்களுக்குப் பெரும்பாலும் நிறமியாகத்தான் இருக்கும். நம் ஊர்த் தோலில் அதுதான் அதிகம். இது முழுக்கப் போகாது. போகும் என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓரளவு வெளுக்கும், அதற்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30-க்கு மேல், ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். கண்ணை அவ்வளவாக எரிக்காது. லேசாக நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மாநிறத் தோலைக் கருக்க வைப்பதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. முகம் முழுக்கப் பூசிவிட்டுக் கண்ணுக்குக் கீழே மட்டும் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்வது. ஸ்கூட்டரில் போகிறவர் என்றால் ஹெல்மெட் போட்டாலும் கூலிங் கிளாஸ் வேண்டும்.

காலையில் சன்ஸ்கிரீனுக்கு முன்னால் வைட்டமின் சி அல்லது நியாசினமைடு, இரவில் வாரத்துக்கு இரண்டு நாள் குறைந்த அளவு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை). அதுவும் இமை விளிம்பிலிருந்து தள்ளி, எலும்பு தட்டுப்படும் இடத்தில் மட்டும். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ ரெட்டினால் வேண்டாம். மூன்று மாதமாவது ஆகாமல் கண்ணாடியிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. முகம் வெளிறினால் கண்ணின் கருப்பு எடுப்பாகத் தெரியும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன் என்பார்கள், கையோடு ஒரு டம்ளர் காபியும் குடிப்பார்கள். கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் காபியும் டீயும் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள்.

நான் ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட். 27 வயது. எனக்குக் காலை என்பது மதியம் 3 மணி. எழுந்ததும் கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது. ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் பாதி வடிந்துவிடுகிறது. தூக்கம் கெட்டதால்தானா?
- வாசகர், சோழிங்கநல்லூர்

"வடிந்துவிடுகிறது" என்று எழுதினீர்களே தம்பி, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எழுந்தவுடன் இருந்து, நடமாடினால் குறைகிற வீக்கம் நீர். படுத்திருக்கும்போது உடம்பு நீர் முகத்துக்கு வரும். கண்ணைச் சுற்றியுள்ள திசு தொளதொளவென்று இருப்பதால் அங்கே தங்கிவிடும். எந்நேரமும் ஒரே மாதிரி இருந்தால் அது கொழுப்பு. அதை எந்தப் பழக்கமும் கரைக்காது, அறுவை சிகிச்சைதான்.

தூக்கமும் ஒரு காரணம்தான், ஆனால் நான் முதலில் கேட்பது, இரவு 2 மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. பரோட்டா சால்னாவா? நூடுல்ஸா? அந்த நூடுல்ஸ் மசாலா பாக்கெட்டில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தட்டிச் சமமாக்கிய ஒரு டீஸ்பூன். சால்னா, சிப்ஸ், வீட்டிலிருந்து எடுத்துப்போகிற ஊறுகாய் என்று கூட்டிப் பாருங்கள். பீர் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் குடித்த மறுநாள் கண் சொல்லிவிடும்.

ஷிஃப்ட் சாப்பாட்டை முன்னிரவிலேயே முடித்துக்கொண்டு, விடியற்காலையில் உப்பில்லாத ஏதாவது, ஒரு வாழைப்பழமோ மோரோ, போதும். மோரில் உப்புப் போடாமல். தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குப்புறப் படுப்பவரா? மல்லாந்து பழகுங்கள். பகலில் தூங்குகிறவருக்குக் கனமான திரை ஆடம்பரம் இல்லை, அவசியம்.

எழுந்ததும் செய்ய ஒன்று: இரண்டு எவர்சில்வர் ஸ்பூனை ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். ஃப்ரீஸரில் வேண்டாம், தோலில் ஒட்டிக்கொள்ளும். மூடிய கண்ணின் கீழே ஸ்பூனின் முதுகுப் பக்கத்தை வைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். குளிர்ச்சியில் ரத்தக் குழாய் சுருங்கி நீர் வடியும். காஃபின் கலந்த ரோல்-ஆன் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், சில மணி நேரத்துக்கு. உருளைக்கிழங்கு வில்லை, வெள்ளரிக்காய் என்று கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதுவே பதில்: வேலை செய்வது அதிலிருக்கும் குளிர்ச்சி. எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, இன்னும் கருக்கும்.

இரண்டு வாரம் உப்பைக் குறைத்தும் மாறவில்லை, உடம்பு கனக்கிறது, குளிர் தாங்கவில்லை என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தோல் டாக்டரிடம் வராதீர்கள், பொது மருத்துவரிடம் போங்கள்.

என் பேரனுக்கு 4 வயது. ஒரு வாரமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் வீங்கியிருக்கிறது. சாயங்காலம் சரியாகிவிடுகிறது. தூக்க வீக்கம் என்று விட்டிருக்கிறோம். ஏதாவது எண்ணெய் தடவலாமா?
- வாசகி, மன்னார்குடி

எதுவும் தடவ வேண்டாம் அம்மா. இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, குழந்தையை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அலர்ஜியாகவும் இருக்கலாம். ஆனால் சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் இப்படித்தான் கண்ணிலிருந்து ஆரம்பிக்கும். சிறுநீர் நுரைத்துப் போகிறதா, அளவு குறைந்திருக்கிறதா, வயிறும் காலும் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலைச் சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனை எளியது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் மருந்துக்கு நன்றாகக் கேட்பார்கள்.

கல்லூரி மாணவி. மார்கழி வந்தால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. மறைக்க மை போடுகிறேன். மை போடுவதால்தான் கருக்கிறது என்கிறாள் தோழி. உண்மையா?
- வாசகி, தூத்துக்குடி

தோழி பாதி சரி. முதல் குற்றவாளி உங்கள் விரல். அரிக்கும்போது முட்டியை மடக்கிக் கண்ணுக்குள் திருகுகிறோம் இல்லையா, அந்தத் தேய்ப்பு ஒவ்வொன்றுக்கும் தோல் நிறமியைக் கூட்டித்தான் பதில் சொல்லும். மூக்கடைத்தால் கண்ணுக்குக் கீழே ரத்தம் தேங்கி நீலம் பாரிக்கும், அது வேறு.

ஆகவே மருந்து மூக்குக்கு. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்ப்ரேயோ மாத்திரையோ தருவார். வீட்டில் செய்ய வேண்டியது படுக்கை விஷயம். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. மார்கழியில் பரணிலிருந்து இறக்கிய கம்பளியை அப்படியே போர்த்திக்கொள்வது தும்மலுக்கு அழைப்பு வைப்பதுதான். அரிப்பு வந்தால் குளிர்ந்த ஈரத் துணியை வைத்து ஒத்துங்கள்.

மை பற்றி: லேபிள் இல்லாத மலிவு மையில் ஈயம் இருக்கக்கூடும், வேண்டாம். நல்ல மையாகவே இருந்தாலும் இரவில் அதைத் துடைக்கிற விதத்தில்தான் ஆபத்து. சோப்புப் போட்டுப் பரபரவென்று தேய்க்காமல், பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்திருந்து ஒரே திசையில் வழித்தெடுங்கள். இமை மட்டும் செதிள் செதிளாகச் சிவந்தால் நெயில் பாலிஷையும் சந்தேகப்படுங்கள். விரல் நகத்தில் எதுவும் ஆகாது. அந்த விரல் தொடுகிற இமைதான் கோபித்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், 66 வயது. ஒரு வருடமாக இரண்டு கண்ணைச் சுற்றியும் கருத்துக்கொண்டே வருகிறது. கண் அழுத்தத்துக்குத் தினமும் இரவு சொட்டு மருந்து விடுகிறேன். தொடர்பு உண்டா?
- வாசகர், கும்பகோணம்

இருக்க வாய்ப்பு அதிகம் சார். மருந்துப் பெட்டியில் லட்டனோப்ரோஸ்ட், பிமட்டோப்ரோஸ்ட், ட்ராவோப்ரோஸ்ட் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இந்த வகைச் சொட்டுகள் இமைத் தோலைக் கருக்கச் செய்யும், கண் இமை முடியையும் நீளமாக்கும். ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தை மாற்றினால் கருப்பு பெரும்பாலும் வெளுத்துவிடும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, வழிந்த மருந்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, இமையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மருந்தை மாற்றலாமா என்பதை உங்கள் கண் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லித் தந்த ஒரு ட்யூபைப் போட்டேன். ஒரே வாரத்தில் கண்ணுக்குக் கீழே பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்பைவிடக் கருக்கிறது, எரிகிறது. தொடரலாமா?
- வாசகி, திண்டுக்கல்

ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆனாலே எனக்குச் சந்தேகம் ஸ்டீராய்டு மீதுதான். ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று எது இருந்தாலும் கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தோல் மேலும் மெலிந்து ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரியும். நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். 2018-லேயே இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது. கடைக்காரர் தம்பிக்கு அது தெரியாமல் இருக்காது. ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார். எரிச்சலுக்கு அதுவரை வெறும் வாசலின் போதும்.

மூன்று வாரத்தில் கல்யாணம். கண் வீங்காமல், கருக்காமல் இருக்க அவசர வழி ஏதாவது?
- மணப்பெண், திருநெல்வேலி

மூன்று வாரத்தில் நிறமி போகாது. அதனால் புதிதாக எந்தக் க்ரீமும், தோலை உரிக்கும் பீலும், ஃபேஷியலும் ஆரம்பிக்காதீர்கள். மணமகனின் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கல்யாணத்துக்கு முதல் நாள் புது ஹேர் டை போட்டுப் பார்க்க வேண்டாம். அதிலிருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு கண்ணும் மூடிய நிலையில் மேடை ஏறியவர்கள் உண்டு. மேக்கப் செய்பவரிடம் கன்சீலரையும் இமைக்குப் போடும் பசையையும் இப்போதே வாங்கி, முழங்கை மடிப்பில் பூசி இரண்டு நாள் பாருங்கள். கருப்பு பழுப்பாக இருந்தால் பீச் நிறம், நீலமாக இருந்தால் ஆரஞ்சு சாயல் உள்ள கலர் கரெக்டர் கேளுங்கள். நலங்கு, மருதாணி என்று கடைசி நாட்களில் தூக்கம் போவது உறுதி. எனவே இந்த இரண்டு வாரம் பத்தரைக்குப் படுத்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ரிசப்ஷன் சாப்பாட்டில் அப்பளத்தையும் ஊறுகாயையும் மாப்பிள்ளை இலைக்குத் தள்ளிவிடலாம். ஸ்பூன் இரண்டும் மண்டபத்து ஃபிரிட்ஜில் இருக்கட்டும், யாராவது பாயசத்துக்கு எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட்டு.