பொய் ஏன் மனதை விட்டுப் போவதில்லை? – கேள்வி பதில்

கேள்வி: ஒரே வதந்தியை நாலு பேர் சொன்னால் நம்பத் தோன்றுகிறதே?

பதில்: ஏற்கெனவே கேட்ட வாக்கியம் மனதுக்குள் சுலபமாக இறங்கிவிடும். அந்தச் சுலபத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். 1977-இல் உளவியலாளர் லின் ஹாஷர் குழுவினர் சோதித்தபோது, சில வாரங்களில் மறுபடி காட்டிய வாக்கியங்களை, பொய்யானவற்றையும்கூட, ஆட்கள் கூடுதலாக நம்பினார்கள்.

கேள்வி: உண்மையைவிடப் பொய் வேகமாகப் பரவுமா?

பதில்: ட்விட்டரைப் பொறுத்தவரை ஆமாம். 2018-இல் வந்த ஆய்வின்படி, 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியது நாம்தான்.

கேள்வி: அம்மாவிடம் ஒரு செய்தி பொய் என்று ஆதாரத்தோடு காட்டினேன். சரி என்றார். ஒரு வாரத்தில் அதையே திரும்பச் சொல்கிறார். இவ்வளவு பிடிவாதமா?

பதில்: பிடிவாதம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1994-இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கிடங்கில் தீ, உள்ளறையில் பெயின்ட் டப்பாக்களும் கேஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று ஒரு தகவல். பிறகு, 'அந்த அறை காலியாகத்தான் இருந்தது' என்று திருத்தம். கலந்துகொண்டவர்கள் திருத்தத்தைப் படித்தார்கள், பெரும்பாலோர் நினைவிலும் வைத்திருந்தார்கள். அப்படியும், 'புகை ஏன் அவ்வளவு கறுப்பு?' என்று கேட்டால் பலர் பெயின்டைத்தான் சொன்னார்கள்! காரணத்தைப் பிடுங்கிவிட்டால் கதையில் ஓட்டை விழுகிறது. மனம் பழையதை எடுத்தே அதை அடைக்கிறது. யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று சொன்ன பிறகுதான் பெயின்டின் பிடி தளர்ந்தது. அம்மாவிடமும் 'அது பொய்' என்பதோடு நிறுத்தாதீர்கள். உண்மையில் என்ன நடந்தது, யார் எதற்காக அதைக் கிளப்பினார்கள் என்று முழுக்கதையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வருவதற்கு முன்பே தடுக்க முடியாதா?

பதில்: முடியும், தடுப்பூசி போலவே. உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960-களின் தொடக்கத்தில், பல் துலக்குவது நல்லது என்பது போல யாரும் சந்தேகிக்காத நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு ஆதரவான வாதங்களை மட்டும் படித்தவர்கள் பிறகு வந்த எதிர்வாதத் தாக்குதலில் சீக்கிரம் ஆட்டம் கண்டார்கள். வலுவற்ற எதிர்வாதத்தையும் அதற்கான மறுப்பையும் படித்தவர்கள் மேலாகத் தாக்குப்பிடித்தார்கள். அதனால்தான், பிள்ளைகளின் காதில் தப்பான கருத்து எதுவும் விழக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்ப்பது எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்கலாம், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ஆனால் அனுப்பியவரைக் குத்தாமல் செய்தியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.