நீண்ட வலிப்பும் அடங்காத நரம்புக்கலமும்: கேள்வி பதில்

ஹட்டன், உயர்தர உயிரியல் ஆசிரியர்: காபா என்ற நரம்புக்கடத்தி இரசாயனம் மூளையை அடக்கும் என்று படிப்பிக்கிறோம். வலிப்பு நீண்டால் அது ஏன் கைகொடுப்பதில்லை, சேர்?

காபா இருந்தாலும் அதைப் பிடிக்கும் வாங்கிகள் குறைந்துவிடுகின்றன. காபா-ஏ வாங்கி என்பது ஐந்து புரத அலகுகள் சேர்ந்த ஒரு வாய்க்கால். காபா ஒட்டியதும் திறந்து குளோரைட்டு அயனை உள்ளே விடும், கலம் அடங்கும். வலிப்பு விடாமல் தொடரும்போது காமா-2 அலகுள்ள வாங்கிகளைக் கலம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு மணித்தியாலத் தொடர் வலிப்புக்குப் பின், ஒரு நரம்பிணைப்பில் ஏறக்குறைய 36 ஆக இருந்தவை 18 ஆகின என்று 2005இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதே நேரம் தூண்டுகிற என்எம்டிஏ வாங்கிகள் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன.

பதுளை, தாதி: தாமதமாக வருகிறவருக்கு வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் டயசிபாம் கேட்பதில்லை. மருந்தில் பழுதா?

மருந்தில் பழுதில்லை. டயசிபாமும் மிடசோலமும் தாமாக வாய்க்காலைத் திறப்பதில்லை. ஆல்பா, காமா அலகுகளுக்கு இடையே ஒட்டி காபாவின் வேலையைக் கூட்டுகின்றன. உள்ளே போய்விட்ட வாங்கியில் அவற்றுக்கு வேலையில்லை. 1997இல் எலிகளில் பார்த்தபோது, 10 நிமிட வலிப்பைப் பாதி எலிகளில் நிறுத்த கிலோவுக்கு 4.2 மில்லிகிராம் டயசிபாம் போதுமாயிருந்தது. 45 நிமிடத்தில் 40 தேவைப்பட்டது. பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் நான் கவலைப்படும் தவறு. ஊசி ஏற்ற இரத்த நாளம் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்: 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு மிடசோலம் 10 மில்லிகிராம், 13 முதல் 40 கிலோ வரை 5 மில்லிகிராம், தசையில். மூச்சைக் கவனியுங்கள். இரண்டு முறை கொடுத்தும் நிற்காவிட்டால் மூன்றாவதைக் கொடுத்துப் பார்க்காமல் லெவெடிரசெட்டம், வல்புரோவேட் போன்ற வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாறுவதே சரி.

பேராதனை, மாணவி: காபா தூண்டவும் செய்யுமாமே?

செய்யும். கலத்திலிருந்து குளோரைட்டை வெளியேற்றுவது கேசிசி2 என்ற புரதம். வலிப்பால் அது குறையும்போது உள்ளே குளோரைட்டு தேங்குகிறது. அப்போது வாய்க்கால் திறந்தாலும் அயன் உள்ளே வராது, வெளியேயும் போகலாம்; போனால் கலம் அடங்காமல் தூண்டப்படும். பிறந்த குழந்தையின் நரம்புக்கலங்கள் இயல்பிலேயே இந்த நிலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

மஸ்கெலியா, ஒரு தாய்: தோட்ட லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம் போகும் டாக்டர். மகனுக்கு வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கிறோம், சரியா?

சாவி வேண்டாம் அம்மா. வாயிலும் எதையும் வைக்காதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திராமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். வண்டி லயம் வரை ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதைப் போனிலேயே பேசிவிடுங்கள். வலிப்பு தொடங்கிய நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வார்டில் முதலில் கேட்பதே அதைத்தான்.