அம்மாவைப் பார்த்துக்கொள்ள சபையில் உதவி கேட்கத் தயக்கம்: பதில்

சகோதரி, படுக்கையிலிருக்கும் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்வதாகவும், எல்லாருக்கும் உதவிய நீங்களே போய்க் கேட்பதா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் 17-இல், யுத்தம் நடக்கையில் மோசே உயர்த்திப் பிடித்திருந்த கைகள் அசந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள், சூரியன் மறையும்வரை. மோசே வேண்டாம் என்று சொன்னதாக அங்கே இல்லை.

‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொன்னால் ஜெபிப்பார்கள், அவ்வளவுதான். ஆராதனையில் பொதுவாக அறிவித்தாலும் இன்னொருவர் போவார் என்றே ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். ஒரே ஆளிடம், ஒரே வேலையை, நேரம் சொல்லிக் கேளுங்கள்: “சனிக்கிழமை 10 முதல் 12 வரை அம்மாவோடு இருக்க முடியுமா அக்கா?” வந்தவருக்கு விருந்து வைத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், அதுவும் பெருமைதான். மருந்து வேளையையும், படுக்கைப்புண் வராமல் 2 மணிக்கொருமுறை புரட்டிவிடுவதையும் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் கேட்டவருக்கு வர முடியாதென்றால், அன்றைக்கே அடுத்தவரிடம் கேளுங்கள்.