சர்வர் உருவாக்கிய ஆப்ஜெக்ட், கிளையன்ட் கையில்: ஜாவா ஆர்எம்ஐ கேள்வி-பதில்

கேள்வி: ஆர்எம்ஐ-யில் (வேறொரு ஜாவா நிரலில் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மெத்தடை நெட்வொர்க் வழியாக அழைக்கும் வசதி) சர்வரில் ஒரு கணக்கு ஆப்ஜெக்ட்டை உருவாக்கி ரிட்டர்ன் செய்கிறேன். கிளையன்டில் இருப்புத் தொகையை மாற்றினாலும் சர்வரில் பழைய தொகையே இருக்கிறதே?

பதில்: உங்களுக்கு வந்தது நகல். சீரியலைசபிள் ஆப்ஜெக்ட் பைட்டுகளாகப் பயணித்து, மறுமுனையில் புதிதாக உருவாகிறது. சர்வரில் இருப்பதையே தொட வேண்டுமென்றால், அந்த கிளாஸுக்கு ரிமோட்டை நீட்டிக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் வேண்டும். ஆப்ஜெக்ட் எக்ஸ்போர்ட்டும் ஆகியிருக்க வேண்டும், அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கத் தயாராகியிருக்க வேண்டும். யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்ட்டை நீட்டித்தால் கன்ஸ்ட்ரக்டரே எக்ஸ்போர்ட் செய்துவிடும். ரிட்டர்ன் செய்யும்போது ஆர்எம்ஐ தானாகவே ஸ்டப்பை, அதாவது அழைப்புகளை சர்வருக்குக் கடத்தும் பிரதிநிதி ஆப்ஜெக்ட்டை, அனுப்பும்.

ஆனால் எல்லாவற்றையும் ரிமோட் ஆக்கிவிடாதீர்கள். ஸ்டப் மீதான ஒவ்வொரு அழைப்பும் நெட்வொர்க்கில் போய்த் திரும்ப வேண்டும். படித்துக் காட்ட மட்டுமே வேண்டிய தகவலுக்கு நகல்தான் சரி. சர்வரில் நிலைத்து மாறிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு மட்டும் ஸ்டப் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டப் வந்தும் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வருகிறது.

பதில்: இம்ப்ளிமென்டேஷன் கிளாஸுக்கு காஸ்ட் செய்திருப்பீர்கள். ரிமோட் இன்டர்ஃபேஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் ஆப்ஜெக்ட் தருகிறேன். எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் (ரிமோட் ஆப்ஜெக்ட்டுகளைப் பெயரால் தேடித்தரும் பட்டியல்) பதிய வேண்டுமா? லாக்அவுட் செய்யாமல் கிளையன்ட் செத்துப்போனால் அவை என்ன ஆகும்?

பதில்: செஷன்களைத் தரும் ஃபேக்டரியை மட்டும் பதிந்தால் போதும். பதிந்த ஆப்ஜெக்ட்டை ரெஜிஸ்ட்ரியே பிடித்துக்கொண்டிருக்கும். அன்பைண்ட் செய்யும்வரை அது போகாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், லீஸ், அதாவது காலக்கெடுவோடு தரப்படும் உரிமை. ஸ்டப் பெற்ற ஜேவிஎம்முக்கு (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) சர்வர் ஒரு லீஸ் தருகிறது. இயல்பாக 10 நிமிடம். கிளையன்ட் உயிரோடு ஸ்டப்பை வைத்திருக்கும்வரை, அதன் ஜேவிஎம் லீஸைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். செத்துப்போனால் புதுப்பித்தல் நிற்கும், லீஸ் காலாவதியாகும், செஷனை சர்வர் குப்பையில் போடலாம். ‘போடலாம்’ என்பதைக் கவனியுங்கள். அதே செஷனை நீங்கள் ஒரு ஸ்டாட்டிக் ஹேஷ்மேப்பிலும் வைத்திருந்தால் அது ஒருநாளும் போகாது. நினைவகம் ஏறிக்கொண்டே இருக்கும். அன்ரெஃபரன்ஸ்ட் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யுங்கள். கடைசி லீஸ் போனதும் அதன் மெத்தட் அழைக்கப்படும். மேப்பிலிருந்து நீக்குவதையும் டேட்டாபேஸ் கனெக்ஷனை மூடுவதையும் அங்கே செய்யலாம்.

லீஸைச் சில விநாடிகளாகக் குறைக்கும் ஆசையை அடக்குங்கள். நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறினாலே லீஸ் போய்விடும். உயிரோடிருக்கும் கிளையன்டுக்கு நோசச்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் கிடைக்கும்.

கேள்வி: ஒரே கணினியில் ஓடுகிறது. வேறு கணினியிலிருந்து லுக்அப் வெற்றி, மெத்தடை அழைத்தால் 127.0.0.1-க்கு இணைப்பு மறுக்கப்பட்டதாகச் சொல்கிறது.

பதில்: சர்வரின் முகவரி ஸ்டப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் கணினியின் பெயரை லூப்பேக் முகவரியோடு (கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 போன்றது) இணைத்திருந்தால் அதுவே ஸ்டப்பில் போய்விடும். கிளையன்ட் தன்னையே அழைத்துப் பார்க்கும். சர்வரைத் தொடங்கும்போதே ‘ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்’ ப்ராபர்ட்டியில், கிளையன்ட் எட்டக்கூடிய முகவரியைக் கொடுங்கள். முதல் எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு மாற்றிப் பயனில்லை.

ஃபயர்வால் இருந்தால் 1099-ஐ மட்டும் திறந்தால் போதாது. அது ரெஜிஸ்ட்ரியின் போர்ட். ஆப்ஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்யும்போது அதற்கென ஒரு நிலையான போர்ட் எண்ணைக் கொடுத்து அதையும் திறந்துவிடுங்கள்.