பிடிமண் எந்த ஊர் மண்? குடிவந்த மூதாதையரைத் தேடுவோருக்குப் பதில்கள்

கேள்வி (உசிலம்பட்டி): ஐயா, எங்க பாட்டனுக்குப் பாட்டன் வேற ஊர்ல இருந்து வந்து காடு வெட்டி நிலம் திருத்துனதா சொல்றாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: குலசாமி கோயிலில். இப்போது கும்பிடுவது மூலக்கோயிலா, பிடிமண் கோயிலா என்று பூசாரியிடம் முதலில் கேளுங்கள். ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து, குடியேறிய இடத்தில் சாமியை நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். எந்த ஊர் மண் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாசிப்பச்சைக்கு, அதாவது மாசி சிவராத்திரிக் கும்பிடுக்கு, பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள், அன்றைக்கு நோட்டோடு போங்கள். முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு, அடுத்தது யாருக்கு என்ற வரிசை மூத்த கிளை எது என்று ஓரளவு காட்டும். ஓரளவுதான். அந்த வரிசை சண்டையில், வழக்கில் மாறியும் இருக்கும்.

கேள்வி (செக்கானூரணி): பரண்ல பழைய மொய் நோட்டும் தலைக்கட்டு வரி நோட்டும் கிடக்கு. எடைக்குப் போடச் சொல்றாங்க.

பதில்: போட்டுவிடாதீர்கள்! பட்டாவிலும் பத்திரத்திலும் பெண்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். மொய் நோட்டில் தாய்மாமன் செய்முறை எழுதிய பக்கத்தில்தான் பாட்டி பிறந்த ஊர் அகப்படும். ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை என்று ஒரே வரியில் நான்கு தகவல் கிடைக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி ஊர் வரி வாங்கும். அதனால் தலைக்கட்டு நோட்டில் புதுப் பெயர் ஏறினால் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெயர் விடுபட்டால் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போயிருப்பார், அல்லது வரி கொடுத்திருக்க மாட்டார். அடுத்த மூன்று நான்கு வருஷத்தையும் புரட்டுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. தகப்பன் பெயரைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் இரண்டு பேர் ஒரே ஆளாகி, இடையில் ஒரு தலைமுறையே காணாமல் போகும். கொடிவழி என்னும் வம்சப் பட்டியலில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

கேள்வி (திருமங்கலம்): பத்திரத்துல ‘தாது வருஷம் தை மாதம்’னு மட்டும் இருக்கு. எந்த வருஷம்?

பதில்: தமிழ் வருஷங்கள் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது 1876-77, 1936-37, 1996-97 ஆகியவற்றில் வந்தது. முத்திரைத் தாளில் யார் தலை என்று பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் பஞ்சம் வந்த 1876-77, ஜார்ஜ் மன்னர் என்றால் 1936-37. தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு 1877 அல்லது 1937 ஆகும், பலர் இங்கேதான் ஒரு வருஷம் தவறுகிறார்கள். பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) என்றிருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டுங்கள். பசலி 1320 என்பது 1910 ஜூலையில் தொடங்கி 1911 ஜூனில் முடியும்.

கேள்வி (மேலூர்): பெரியாத்துத் தண்ணி வந்தப்ப குடிவந்தோம்னு பேச்சு. நிரூபிக்க முடியுமா?

பதில்: முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895. அதற்கு முன்பே உங்கள் ஆட்கள் பெயரில் அந்த நிலம் இருந்தால் பேச்சு தவறு. இன்றைய பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பல இடங்களில் சர்வே எண் மாறிவிட்டது. புது எண்ணை வைத்துப் பழைய வில்லங்கச் சான்று (நிலம் கைமாறிய விவரம்) கேட்டால் ஒன்றும் இல்லை என்றே வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டைப் பார்த்துப் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பழைய செட்டில்மெண்ட் (நில வரி நிர்ணய) பதிவேட்டைக் கேளுங்கள். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பெயர் அட்டவணையிலும் தேடச் சொல்லுங்கள். பத்திரம் கிடைத்தால் நான்கெல்லையை விட்டுவிடாதீர்கள். ‘வடக்கே இன்னார் நிலம்’ என்பதில் வருகிறவர் பல நேரம் பங்காளியாகத்தான் இருப்பார். உங்களுடையது இனாம் (மானியமாகக் கொடுத்த) கிராமம் என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேடுகளைத் தேடுங்கள்.

கேள்வி (மதுரை, செல்லூர்): பத்திரங்களை லேமினேஷன் பண்ணிரலாமா அண்ணே? ரெண்டு கட்டு ஓலையும் இருக்கு.

பதில்: லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும். மடிப்பை நீக்கி, ஒவ்வொரு தாளையும் பாலியஸ்டர் உறையில் படுக்கையாக வையுங்கள். மலிவான பி.வி.சி. உறை எழுத்தைப் பிடுங்கிக்கொள்ளும். 600 டி.பி.ஐ.யில் இருபுறமும் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியும், வாங்கியவர் பெயரும் ஊரும் இருக்கும்.

ஓலையில் தண்ணீர் படவே கூடாது. கயிற்றை அவிழ்க்குமுன் வரிசை மாறாமல் படம் எடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். கீறி எழுதிய ஓலை என்றால் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாகத் தடவலாம். மையால் எழுதியிருந்தால் எண்ணெய் வைக்காதீர்கள். திரும்பக் கட்டும்போது இறுக்க வேண்டாம், ஓரம் ஒடியும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போட்டால் போதும்.

கேள்வி (கம்பம்): பாட்டிக்கு எந்த வருஷமும் ஞாபகம் இல்ல. எப்படிக் கேக்குறது?

பதில்: வருஷத்தையே கேட்காதீர்கள். ‘வைகை டேம் திறக்குறதுக்கு முந்தியா, பிந்தியா?’ என்று கேளுங்கள், அது 1959. ‘தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனப்ப மூத்தவன் கையிலயா, வயித்துலயா?’ என்றால் 1964 டிசம்பருக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று தெரிந்துவிடும்.