முதல் வருஷம் துப்பாக்கி வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் பக்கம் குடியிருக்கிறோம். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே ஒரு கிராமம். இந்த வருஷம் ரிச்லாந்து மாவட்டத்தில் 40 ஏக்கர் வாங்கினோம். பாதி காடு, பாதி புல்தரை. வாங்கிய நாளிலிருந்து என் கணவருக்கு ஒரே நினைப்பு, நவம்பரில் மகனோடு மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று. அலுவலக நண்பர் துப்பாக்கி இரவல் தருகிறாராம். மகனுக்கு 13 வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் போகிறார்கள் என்று அவனும் துடிக்கிறான். எங்கள் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். பிள்ளை மனசு கல்லாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அதைச் சார்ந்த ஹெச்-4. இந்தக் குளிர்காலத்தில் மாமியார் வந்து தங்கப்போகிறார். அவர் சைவத்துக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. நான் தடுப்பதா, விடுவதா? அத்தையிடம் சொல்வதா, மறைப்பதா?
– ஒரு வாசகி, விஸ்கான்சின்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தடுக்க வேண்டாம். ஆனால் இந்த நவம்பரிலேயே விடவும் வேண்டாம். முதல் வருஷம் உங்கள் ஆட்கள் யாரும் அந்த நிலத்துக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது என்பதுதான் என் பதில். அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றையெல்லாம் செய்த பிறகும் பையனுக்கு ஆசை அப்படியே இருந்தால், அடுத்த வருஷம் நிம்மதியாக அனுப்பலாம்.

உங்கள் கடிதத்தில் விசா பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஹெச்-1பி, ஹெச்-4 இரண்டும் அந்த வகைதான். விதிவிலக்கு உண்டு: அமெரிக்காவில் ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. கணவரின் லைசென்ஸ் கணவருக்கு மட்டும்தான். மகனுக்கு அவன் பெயரில் தனியாக வேண்டும். சொந்தத் துப்பாக்கி இல்லையே, இரவல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இருந்தாலே போதும், சட்டம் அதைத்தான் பார்க்கும். விஷயம் தெரிந்தே கொடுத்தால் அந்த நண்பரும் மாட்டுவார். துப்பாக்கி வழக்கில் ஒரு தண்டனை விழுந்தால் நாட்டைவிட்டே அனுப்ப அது காரணமாகலாம். பச்சை அட்டைக்கு இத்தனை வருஷம் காத்திருக்கும் குடும்பம் ஒரு வார இறுதி உற்சாகத்தில் அதைப் பணயம் வைக்கக் கூடாது. சுட்டுப் பழகப் போவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில்லும் குறுக்குவில்லும் மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை, லைசென்ஸ் மட்டும் எப்படியும் வேண்டும்.

இனி உங்கள் பயம். மான் வேட்டை குற்றம் என்று நீங்கள் வளர்ந்ததில் தவறே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் அது குற்றம்தான். காடு சுருங்கி, விலங்கு குறைந்து, காப்பாற்ற வேறு வழியில்லாமல் வந்த சட்டம் அது. விஸ்கான்சினிலும் ஒரு காலத்தில் அதே நிலைமை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சந்தைக்காகக் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் மான் அருகிப் போனது. பிறகு கட்டுப்பாடுகள் வந்தன, மான் திரும்பியது. ஆனால் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய்களை 1960 வாக்கில் அந்த மாநிலத்தில் அடியோடு ஒழித்திருந்தார்கள். ஓநாய் பிறகு வடக்கே திரும்பி வந்துவிட்டது. உங்கள் தென்மேற்குப் பக்கம் அது அபூர்வம். இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேல் வெண்வால் மான்கள் இருக்கின்றன. ஓக் கன்று முளைத்ததும் கடித்துவிடும். பெரிய மரங்களுக்குக் கீழே அடுத்த தலைமுறை மரமே இல்லாத காடுகள் அங்கே உண்டு. ஆகவே லைசென்ஸ் எடுத்து, பருவத்தில், சாப்பிடுவதற்காக ஒரு மானைச் சுடுவதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஆட்டுக்கறி சமைப்பவர்கள்தான் நாம். அங்கே வெட்டுவது வேறொருவர் கை. இங்கே நம் பிள்ளையே அதைப் பார்க்கப் போகிறான், உங்கள் கலக்கம் அதனால்தான். பார்ப்பதாலேயே மனசு கல்லாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மனசு கெடுவது வேறு வழியில்: கொம்பை அளந்து பீற்றும்போது, உயிர் துடிக்கப் பெரியவர்கள் சிரிக்கும்போது, ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒரு பையனைச் சுட வைக்கும்போது. இந்த மூன்றையும் உங்கள் கணவர் செய்ய மாட்டார் என்று அவரிடமே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நொடியில் ‘வேண்டாம் அப்பா’ என்று பையன் சொன்னால், ஏன் என்று கேட்காமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கும் சரி, பிறகு விருந்தாளிகள் முன்னாலும் சரி, அதைச் சொல்லிக் காட்டக் கூடாது.

இப்போது நிலம். 40 ஏக்கர் என்றால் பெரிதாகத்தான் தோன்றும். அந்த ஊர் வழக்கப்படி சதுரமாக அளந்த 40 ஏக்கர் என்றால் ஒரு பக்கம் 400 மீட்டர், அவ்வளவுதான். ரைஃபிள் தோட்டா 3 கிலோமீட்டர் தாண்டியும் போகும். அதாவது உங்கள் நிலத்தில் எங்கே நின்று சுட்டாலும், குறி தவறிய தோட்டா அடுத்தவர் நிலத்தில்தான் போய் விழும், பின்னால் மண்மேடு இல்லாவிட்டால். நல்லவேளையாக உங்கள் பகுதி பனியுகத்துப் பனியாறுகள் மழிக்காமல் விட்ட மேடும் பள்ளமுமான நாடு. எந்த இடத்தில் உட்கார்ந்தால் மானுக்குப் பின்னால் மலைச்சரிவு வரும், எந்தத் திசையில் பக்கத்து வீட்டுக் கூரை தெரியும் என்று இலை உதிர்ந்த பிறகு நடந்து பார்த்தால்தான் புரியும். கோடையில் எல்லாம் பச்சையாக மறைத்துவிடும். முதல் வருஷம் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குப் பெரிய காரணமே இதுதான்.

பத்திரத்தையும் இன்னொரு முறை படியுங்கள். வரிச் சலுகைக்காக விஸ்கான்சினில் பலர் தங்கள் காட்டை மேலாண்மைக் காட்டுச் சட்டத்தில் 25 அல்லது 50 வருஷத்துக்குப் பதிவு செய்திருப்பார்கள். நிலம் கைமாறினாலும் அந்த ஒப்பந்தம் நிலத்தோடுதான் வரும். ‘திறந்த’ வகையில் பதிவாகியிருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து வேட்டையாடலாம். அது தெரியாமல் ‘என் நிலத்தில் நீ யார்’ என்று சண்டைக்குப் போனால் அவமானம் உங்களுக்குத்தான். எல்லைக் கல் எங்கே என்று நில அளவையரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அடிபட்ட மான் வேலி தாண்டி ஓடினால், பக்கத்து நிலக்காரர் அனுமதி இல்லாமல் எடுக்கப் போக அங்கே உரிமை கிடையாது. அதற்காகவாவது சுற்றியுள்ளவர்களின் வீடுகளுக்கு முன்கூட்டியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒருவேளை அவர்களில் ஒருவர் பழைய சொந்தக்காரரின் அனுமதியோடு பல வருஷமாக உங்கள் காட்டில் உட்கார்ந்து வேட்டையாடியவராக இருக்கலாம். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். மான் எந்தத் தடத்தில் இறங்கும் என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்லித் தர முடியாது.

பழைய ஆட்கள் மரத்தில் கட்டிவிட்டுப் போன பரண் இருந்தால் பையனை ஏற விடாதீர்கள். வெயிலிலும் பனியிலும் அதைக் கட்டிய வார் இற்றுப் போயிருக்கும். பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். தரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும். மான் வர வேண்டும் என்று உப்புக்கட்டியோ மக்காச்சோளமோ போட்டு வைத்திருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள். உங்கள் பகுதியில் மானுக்கு இரை வைப்பது தடை.

மேடிசன்காரரான உங்களுக்கு ஆல்டோ லியோபோல்டு பெயர் தெரிந்திருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியராக இருந்தவர், தானும் வேட்டைக்காரர். 1935இல் பாரபூ அருகே சாரமிழந்த ஒரு பண்ணையை வாங்கினார். அங்கே மிச்சமிருந்த கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்து தங்குமிடமாக்கி, மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக வார இறுதிகளில் போய் ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டார்கள். வேட்டைக்காரர் ஒருவர் வாங்கிய நிலத்தில் குடும்பமே சேர்ந்து செய்த பெரிய வேலை, மரம் நட்டதுதான். இந்த அக்டோபரில் நீங்களும் போங்கள். கொம்பை உரசி ஆண் மான் பட்டையுரித்த இளமரங்களைப் பையன் தேடட்டும். குளம்பால் தரையைச் சுரண்டி வாசனை வைத்த இடங்களை வரைபடத்தில் குறிக்கட்டும். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றிகூறல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். அந்த நாட்களில் காட்டுக்குள் நடக்காமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டும் என்றால் வேட்டைக்குப் போகாவிட்டாலும் பளீர் ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்திலோ வசந்தத்திலோ வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அப்பா, மகன் இருவரும் சேருங்கள் என்று சொல்வேன். நீங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் அங்கே அந்தச் சான்றிதழ் தேவை. எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை, குழலைப் பாதுகாப்பான பக்கம் வை, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய், சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும் – இந்த நான்கையும் பையன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். 12, 13 வயதுப் பிள்ளைகள் சான்றிதழோடு, பெரியவர் கண்ணிலும் குரலிலும் எட்டும் தூரத்தில் இருந்து வேட்டையாடலாம். அடுத்த வருஷம் அவனுக்குப் பதினான்கு. சட்டப்படி தனியாகவே போகலாம் என்பார்கள். போக வேண்டாம். ஒரே இடத்தில் இருவரும், ஒரே ஒரு துப்பாக்கியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட பிறகு நடப்பதை முன்பே பையனிடம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் நெஞ்சு கனப்பது அப்போதுதான். நெஞ்சில் சரியாக அடிபட்ட மான்கூடப் பெரும்பாலும் அங்கேயே விழாது. நூறு அடி, இருநூறு அடி ஓடும். உடனே பின்னால் ஓடக் கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு உதிர்ந்த ஓக் இலைகளில் ரத்தம் தேட வேண்டும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். மான் பக்கத்திலேயே கிடக்கும். கருத்துப் போய், பசுந்தீனி நாற்றத்தோடு இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்படியானால் பல மணி நேரம் காத்திருந்துதான் தேட வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எங்கோ போய்த் தவித்துச் சாகும். எளிதாக நெஞ்சுக்கு அடிக்க முடியாத எந்த மானையும் விட்டுவிடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா முழங்கால் போட்டு வயிற்றைக் கீறும்போது குளிரில் ஆவி பறக்கும். பையன் அருகில் நின்று காலைப் பிடிக்கட்டும், அழுகை வந்தால் அழட்டும். மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில இயற்கை வளத் துறையில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

சமையலறைக்கு வந்தால், நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே மாற்ற வேண்டியிருக்கிறது. மான்களைத் தாக்கும் தீராத ஒரு நலிவு நோய் 2002இல் மேடிசனுக்கு மேற்கே, மவுண்ட் ஹோரெப் பக்கத்தில்தான் அந்த மாநிலத்தில் முதலில் தெரிய வந்தது. இன்று உங்கள் மாவட்டம் அந்த நோய் வேரூன்றிய பகுதி. அந்த நோயை உண்டாக்குவது உருக்குலைந்த ஒரு புரதம். மூளையைச் சிதைக்கும் அது எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நோயின் ஆரம்பத்தில் மான் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தலையை இயற்கை வளத் துறையின் மாதிரிப் பெட்டியில் கொடுத்தால் இலவசமாகச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி உறைய வையுங்கள். ஆட்டில் நாம் விரும்பிச் சமைக்கும் மூளை வறுவல், சுவரொட்டி, முதுகெலும்புச் சூப் மூன்றும் மானில் கூடவே கூடாது. அந்தப் புரதம் அதிகம் தங்குவது மூளை, முதுகுத் தண்டு, மண்ணீரல், நிணநீர்க் கணுக்களில்தான். எலும்பிலிருந்து சதையை மட்டும் பிரித்து எடுங்கள், மிச்சத்தைக் காட்டில் எறியாமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். தோட்டா செம்பாக இருக்கட்டும். ஈயத் தோட்டா உள்ளே பொடிப்பொடியாகச் சிதறிக் காயத்தைத் தாண்டியும் கறியில் தங்கும், வளரும் பிள்ளைக்கு அது ஆகாது. கறியில் கொழுப்பு இருக்காது என்பதால் ஆட்டுக்கறிபோல் நேரடியாகச் சுக்கா வறுத்தால் தோலாகிவிடும். குக்கரில் மெதுவாக வேகவைத்து, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு மிளகுப் பிரட்டல் செய்யுங்கள்.

உங்கள் மாமியாரிடம் இந்த வருஷமே சொல்லிவிடலாம். ‘அடுத்த வருஷம் பேரன் போகலாம் அத்தை, இப்போது படித்துக்கொண்டிருக்கிறான்’ என்று நீங்களே சொல்லுங்கள், கணவர் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும், அதை மறுத்து வாதாட வேண்டாம். வண்டிக் கொட்டகையில் தனி உறைபெட்டி, தனிச் சட்டி, தனி அரிவாள்மனை வைத்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கும் மாதங்களில் மான் கறியை அடுப்பில் ஏற்ற வேண்டாம். பாட்டியிடம் பொய் சொல்லும்படி பையனை மட்டும் பழக்கிவிடாதீர்கள்.